ஐந்து மாடிக்கு யாரைக் கேட்டோம்?

கட்டட அனுமதிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைமார் என்னிடம் ஒன்று கேட்டிருந்தீர்கள். ஒரு கட்டடத்துக்கு ஊர் எதிர்ப்புத் தெரிவித்தால் என்ன செய்வது, அதற்கு எந்த அளவுக்குக் காது கொடுப்பது என்று. வேலியிலிருந்து எத்தனை அடி விட வேண்டும், மலசலகூடக் குழி கிணற்றுக்கு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி உங்கள் நேரத்தைத் தின்ன மாட்டேன். எழும்பாமலே போன ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் அனுமதி கொடுத்து எழும்பிய கட்டடங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நினைத்துக்கூட நான் தூக்கம் கெட்டதில்லை. எழும்பாத இந்த ஒன்று மட்டும் இன்னும் என்னைச் சும்மா இருக்க விடுவதில்லை.

கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு சபையில் அப்போது நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். சபையின் பெயர் வேண்டாம். ஊர் என்னை ஓவசியர் என்றுதான் கூப்பிடும். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்து ஓய்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கூரை போன வீடுகளுக்குக் கூரை வந்துவிட்டது, விழுந்த தென்னைகள்தான் திரும்பி வரவில்லை. எங்கள் கரையின் நிலம் உங்களுக்குத் தெரியும். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒரு கீற்று மண்ணில் அத்தனை சனமும். அந்தக் கீற்றுக்குள்தான் ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் சமைக்கும் குசினிப் பக்கம் ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு வளவின் மற்ற மூலையில் அத்திவாரம் வெட்டுவார்கள். மூன்றாவதும் பெண்ணாகிவிட்டால் அந்த வாப்பாவின் நடையே மாறிவிடும்.

இந்த நெருக்கடியைப் பார்த்துத்தான் ஒரு ஹாஜியாருக்கு அந்த யோசனை வந்தது. அவருக்குப் பசாரில் கடை இருந்தது, உள்நாட்டுப் பக்கம் ஆற்றோரத்தில் ஒரு செங்கல் சூளையும் இருந்தது. கொழும்புக்குப் போய் வந்தவர் அங்கே மாடிக்கு மேல் மாடியாகச் சனம் குடியிருப்பதைக் கண்டிருக்கிறார். சூறாவளி முறித்துப் போட்ட தன்னுடைய தென்னந்தோட்டத்தில் ஐந்து மாடி எழுப்பப் போவதாக வரைபடம் கொண்டுவந்தார். முழுக்கச் செங்கல். பூச்சுப் பூசாத சிவப்புச் சுவர். ஒவ்வொரு மாடியிலும் தனித்தனி வீடுகள்.

“காணி இல்ல, காணி இல்ல எண்டு அழுறீங்க. மேல இரிக்கிற இடத்த ஆரு பாவிக்கிற?” என்று என் மேசைக்கு முன்னால் இருந்து கேட்டார்.

சீதன வீடுகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிற யோசனை அது. எனக்கு அது பிடித்திருந்தது. சின்ன ஊரில் வேலி எல்லைச் சண்டையும் கக்கூஸ் குழிச் சண்டையும் பார்த்துக் களைத்துப்போனவனுக்கு இப்படி ஒரு வரைபடம் கிடைத்தால் பிடிக்காமல் இருக்குமா?

ஒரு கல்கூட வைக்கும் முன்பே ஊர் அவருக்கு மாடி ஹாஜியார் என்று பேர் வைத்துவிட்டது. தேநீர்க் கடைகளில் வேறு பேச்சில்லை. “பள்ளி மினாராவ விட உசரமா ஊடு கட்டினா பாங்கு ஆருக்குக் கேக்கும்?” என்றார் ஒருவர். “பெருநாள் பிறைய முதல்ல அவங்கதான் காணுவாங்க” என்றார் இன்னொருவர். ஒரு வயதாளி என்னைத் தெருவில் மறித்து, “மௌத்தாப் போனா சந்தூக்க அஞ்சு மாடியால எப்பிடி மகன் இறக்குற?” என்று கவலையோடு கேட்டார். மையத்துப் பெட்டி திரும்பும் அளவுக்கு மாடிப்படி அகலம் என்று நான் அவருக்குக் கையால் காட்டிக்கொண்டு நின்றேன். வேறு வேலையாகக் கந்தோருக்கு வந்த காரைதீவு மீனவர் ஒருவர் மட்டும் சந்தோசப்பட்டார். இந்தச் சிவப்புச் சுவர் எழும்பினால் கடலிலிருந்து கரை பிடிக்க லேசாக இருக்கும் என்றார். இப்படிச் சிரிப்பும் கேலியுமாக ஆரம்பித்த கதை சில கிழமைக்குள் சூடாகிவிட்டது.

பக்கத்துக் காணிக்காரரைக் கேட்காமல் அனுமதி கொடுக்க முடியாது. அறிவித்தல் அனுப்பினோம், கூட்டம் கூட்டினோம். மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில், ஊர் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் மீரான் காக்கா இருந்தார். தோட்டத்துக்கு நேர் பின்னால் அவருடைய வளவு. லொறி ஓட்டிப் பழகிய மனிதர், சாதாரணமாகக் கதைத்தாலே எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கதைப்பதுபோல இருக்கும்.

“ஓவசியர், நான் ஒண்டே ஒண்டுதான் கேக்கன். எங்கட பொம்புளையள் கிணத்தடியில குளிக்கிற. வேலி ஆளுயரந்தான். அஞ்சாம் மாடில ஒருத்தன் பல்லு விளக்கிக்கிட்டு நிண்டா, அவனுக்கு எங்கட கிணறு தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்!” என்று மண்டபமே கத்தியது.

ஹாஜியார் எழும்பினார். “அந்தப் பக்கம் யன்னலே வெக்கமாட்டன். முழுச் செவரு.”

“இண்டைக்கு வெக்கமாட்டீங்க. நாளைக்கு ரெண்டு கல்லக் கழட்ட எவ்வளவு நேரம் போகும்?”

அதற்குப் பிறகு யார் என்ன கதைத்தார்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை. கதிரைகள் சரிந்தன. சபையை அப்போது நடத்திக்கொண்டிருந்த ஆணையாளர் வெளியூர்க்காரர், இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர். எனக்குக் கிட்டக் குனிந்து, “அடுத்த கூட்டத்துக்குள்ள உங்கட சிபாரிசு வேணும். ஊர் வேண்டாம் எண்டா வேண்டாம் எண்டே எழுதிப்போடுங்க” என்று சொல்லிவிட்டுப் பின்கதவால் போய்விட்டார். மறுநாள் கந்தோர்த் தொலைபேசியில் பெரிய இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நல்ல திட்டம், இழுத்தடிக்க வேண்டாம் என்றது. குரலில் மிரட்டல் இல்லை. என் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்று அன்பாக விசாரித்தது. அது போதாதா?

பெரிய சத்தத்துக்கும் பெரிய இடத்துக்கும் நடுவில் அகப்பட்டால் கை தானாகப் பேனையைத் தேடும். ஏதோ ஒன்றை எழுதித் தொலைத்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும். அந்த நேரத்தில் எழுதாதீர்கள். நான் எழுதாமல் இருந்ததற்கு என் கெட்டித்தனம் காரணமில்லை. அடுத்த நாள் பகல் ஆசியா உம்மா என் வீட்டுக்கு வந்துவிட்டார், அதுதான் காரணம்.

ஆசியா உம்மா கணவனை இழந்தவர். இரண்டு பெண்பிள்ளைகள். என் மனைவியோடு குசினிப் பக்கம் இருந்துகொண்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்கும்படி கதைத்தார்.

“தம்பி, எண்ட வளவுக்கும் ஹாஜியார்ர தோட்டத்துக்கும் நடுவால இரிக்கிற துண்டு எண்ட. அது இல்லாட்டி அவருக்கு லொறி போக வழி இல்ல. அதக் குடுத்தா மூணாம் மாடில ஒரு ஊடு தாறன் எண்டு சொல்லிரிக்காரு. இரிந்த ஊட்ட மூத்தவளுக்குக் குடுத்திட்டன். நிஹாராவுக்கு மாப்பிள பேசிரிக்கி. நிந்தவூர்ப் பொடியன், தபால் கந்தோர்ல வேல. ஊடு எங்க எண்டு மாப்பிளட வாப்பா கேட்டாரு. மாடியச் சொல்லித்தான் பேசி முடிச்ச.”

“மாடி இன்னும் எழும்பவே இல்லையே” என்றேன்.

“எழும்புற வரைக்கும் பொறுப்பாங்களாம். அனுமதி கிடைச்சதெண்டு காட்டினாக் காணுமாம். வெள்ளாம வெட்டி முடியக் கலியாணம். நீங்க ஒரு கையெழுத்து வெச்சா எண்ட புள்ளட காரியம் முடிஞ்சிரும் தம்பி.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கையில் கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு என் மனைவி கேட்டாள். “காணிய எழுதிக் குடுத்திட்டா அவட கைக்கு என்ன வரும்?”

“மூணாம் மாடி வீடு.”

“அதுக்கு உறுதி?”

நான் யோசித்தேன். மாடி வீட்டுக்குத் தனியாக உறுதிப் பத்திரம் எழுதச் சட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் பக்கத்து நொத்தாரிசுமார் யாரும் அப்படி ஒன்றை எழுதியதாகத் தெரியவில்லை. ஹாஜியாரின் திட்டத்தில் தோட்டம் முழுக்க அவர் பெயரிலேயே இருக்கும், வீட்டுக்காரருக்குக் கதவுத் திறப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு கடுதாசியும் கிடைக்கும்.

“இத அந்தக் கூட்டத்தில பொம்புளையள் கேக்கல்லியா?”

“கூட்டத்துக்குப் பொம்புளையள் வரல்ல.”

“ஏன்? காணிக்காரரத்தானே கூப்பிட்ட?” என்றாள். “மீரான் காக்கா இரிக்கிற ஊடு ஆருட? அவர்ர பொஞ்சாதி சுபைதா ராத்தாட. அடுத்த வளவு ஆருட? நீங்க இப்ப நிக்கிற ஊடு ஆருட?”

தம்பிமாரே, சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் கரையில் வீடு பெண்ணுடையது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் அனுமதி கொடுத்த எனக்கு, என் பெயரில் ஒரு கோழிக்கூடுகூடக் கிடையாது. ஆனால் அரசாங்கக் கடுதாசியில் ‘உரிமையாளர்’ என்ற சொல்லைக் கண்டவுடன் சபைக்கும் எனக்கும் தபால்காரருக்கும் எல்லாருக்கும் ஆம்பிளைகளின் ஞாபகம்தான் வந்திருக்கிறது. அறிவித்தல் ஆம்பிளைகளுக்குப் போனது, ஆம்பிளைகள் வந்தார்கள், காணி இல்லாத அத்தனை பேரும் எங்கட காணி, எங்கட கிணறு என்று கத்திவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அது விசித்திரமாகப் படவில்லை.

சுபைதா ராத்தாவின் வீட்டிலேயே பெண்களைக் கேட்க ஏற்பாடு செய்தேன். நடு அறையில் குறுக்காகச் சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் பெண்கள் இருந்தார்கள், இந்தப் பக்கம் நான். மீரான் காக்கா உள்ளே வர எத்தனித்தார். “நீங்க விறாந்தையில இரிங்க” என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. லொறி நின்றுவிட்டது.

கிணற்றடியைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். திரைக்குப் பின்னால் சிரித்தார்கள்.

“கிணத்தடிக்கு மேல நாலு தென்னங்கிடுகு போட்டா முடிஞ்சி. அது ஒரு கதையா? அவங்களுக்குக் கத்துறதுக்கு ஒண்டு வேணும்.”

பிறகு சுபைதா ராத்தா கதைத்தார். “ஓவசியர், சூறாவளில எண்ட ஊடு முழுக்கப் போச்சி. ஓடு இல்ல, செவரு இல்ல. மண்ணு மட்டும் இரிந்திச்சி. அந்த மண்ணுல நாலு கம்ப நட்டு, கிடுகக் கட்டி அண்டைக்கே சோறாக்கினன். எண்ட மகளுக்கு மூணாம் மாடில ஊடு வாங்கி அது விழுந்தா, அவ எங்க கம்பு நடுற?”

இன்னொருத்தி சொன்னாள். “இண்டைக்கு மனிசன் கோவிச்சிக்கிட்டுப் போனா, போறவர் அவர்தான். ஊட்டுல இரிக்கிறவ நான். ஹாஜியார்ர காணிக்கு மேல இரிந்தா நாளைக்கு ஆரு ஆரப் போகச் சொல்லுவாங்க?”

சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன். நான் படித்த படிப்பில் கட்டடம் விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். விழுந்த பிறகு அந்த இடம் யாருடையது என்ற கேள்வியை யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பரபரப்பு, கொஞ்சம் பெருமையும்கூட. சரியான ஆட்களைப் பிடித்துவிட்டோம் என்ற பெருமை.

அப்போதுதான் ஆசியா உம்மாவின் குரல் கேட்டது.

“ராத்தா, ஒங்களுக்கெல்லாம் மண்ணு இரிக்கி. அதான் விழுந்தா எண்டு பயப்புடுறீங்க. எனக்கு எழும்பாமப் போயிரும் எண்டுதான் பயம்.”

பிறகு பெண்கள் தங்களுக்குள் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். கட்டடம் வரட்டும், ஆனால் அடியில் இருக்கிற காணியில் ஒவ்வொரு வீட்டுக்காரிக்கும் பங்கு எழுதப்பட வேண்டும், எழுதிய பிறகுதான் அத்திவாரம். ஆசியா உம்மா மட்டும் உடன்படவில்லை. “நிபந்தன போட்டா அவரு போயிருவாரு. எனக்குத் தெரியும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த கூட்டம் வரைக்கும் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல? கிணற்றைக் காரணம் காட்டி மறுத்தால் ஊர் என்னைத் தோளில் தூக்கும், ஆனால் அது பொய்க் காரணம். அனுமதித்தால் பெரிய இடம் சந்தோசப்படும், ஆசியா உம்மாவும் சந்தோசப்படுவார், அவருடைய கடைசித் துண்டுக் காணி ஒரு திறப்புக்கும் கடுதாசிக்கும் போய்விடும். நிபந்தனை போட்டால் யாருக்கும் சந்தோசம் இல்லை. சாப்பாட்டுக்கு இருந்தால் எழும்புவேன், எழும்பினால் எதற்கு எழும்பினேன் என்று தெரியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவேன். நான் சைக்கிளில் வருவதைக் கண்டால் ஆசியா உம்மா வேலிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். ஒன்றும் கேட்க மாட்டார். அதற்குப் பயந்து அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

கடைசியில் நிபந்தனையைத்தான் எழுதினேன். காணியில் பங்கு எழுதப்படும் வரைக்கும் அனுமதி இல்லை, ஆசியா உம்மாவின் துண்டை அதுவரை வரைபடத்தில் சேர்க்கவும் கூடாது.

கூட்டத்தன்று வெளியே முற்றத்திலும் சனம். நான் வாசித்து முடித்தவுடன் இரண்டு பக்கத்தாலும் வசவு வந்தது. மறுக்கவில்லை என்று மீரான் காக்காவின் ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். ஆணையாளர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஹாஜியார் மட்டும் சத்தம் போடவில்லை.

“ஓவசியர், நீங்க நல்லது நினைச்சித்தான் எழுதிரிக்கீங்க. ஆனா அந்தக் காணிய ஈடு வெச்சித்தான் நான் பேங்குல கடன் எடுக்கணும். அத இருவது பொம்புளையளுட பேர்ல எழுதிக் குடுத்திட்டு நான் எதக் கொண்டு கட்டுற? எனக்கும் மூணு பொம்புளப் புள்ளதான். எண்ட புள்ளைக்கும் அந்த மாடிலதான் ஊடு வெச்சிரிந்தன்.”

அவர் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு எதிரே நிற்பவர் கெட்டவராக இருந்தால் நம் வேலை எவ்வளவு லேசு! அவர் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சலாம் சொல்லிவிட்டுப் போனார். திட்டம் அதோடு முடிந்தது. வெளியே அல்லாஹு அக்பர் என்று சத்தம் போட்டார்கள். கிணற்றடியைக் காப்பாற்றிய ஓவசியர் என்று அன்று தேநீர்க் கடையில் எனக்குக் காசு வாங்காமல் தேநீர் தந்தார்கள். குடிக்க முடியவில்லை.

ஆசியா உம்மா திரும்பவும் வந்தார். என்னோடு கதைக்கவில்லை. என் மனைவியிடம் கேட்டார். “ஒங்கட மனிசன் எண்ட காணியக் காப்பாத்தித் தந்திட்டாரு. எண்ட புள்ளட கலியாணத்த ஆரு காப்பாத்துற?”

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உத்தியோகத்தரின் வேலை கந்தோர் வாசலோடு முடிகிறது என்று பெரியவர்கள் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் மனைவியையும் கூட்டிக்கொண்டு நிந்தவூருக்குப் பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் வாப்பா மரியாதையான மனிதர். கதிரை போட்டு, வட்டிலப்பம் வைத்து உபசரித்தார். கொஞ்சம் பொறுக்கலாமா, வேறு ஏதும் வழி பார்க்கலாமா என்று நான் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். வீடு இல்லாத இடத்துக்கு மகனை அனுப்பினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றார். அவருடைய அண்ணன் மகனுக்கு எப்படி வீடு கிடைத்தது, தம்பி மகனுக்கு எப்படி வீடு கிடைத்தது என்று விபரமாகச் சொன்னார். மாப்பிள்ளை முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் விடைபெற்றபோது சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்தி வரைக்கும் கூட வந்தார். வெயில் கூட என்றார். பஸ் பிந்தும் என்றார். கல்முனைப் பஸ் வந்தது. நான் சலாம் சொல்லிவிட்டு ஏறினேன்.

அடுத்த வெள்ளாமைக்கு முன்பே அந்த மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் கலியாணம் முடிந்துவிட்டது.

நான் எழுதிய நிபந்தனை சரி என்றுதான் இன்றும் சொல்வேன். அதே வரைபடம் நாளைக்கு உங்கள் மேசைக்கு வந்தால் அதே நிபந்தனையைத்தான் போடச் சொல்வேன். கேட்க வேண்டியவர்களைக் கேட்டு எழுதிய சிபாரிசு என்று, புதிதாக வரும் உத்தியோகத்தர்களிடம் பல வருடங்கள் அதை உதாரணமாகச் சொல்லியும் இருக்கிறேன். திரைக்கு முன்னால் இருந்து பெண்களைக் கேட்ட ஓவசியர் என்று எனக்குக் கொஞ்சம் பேரும் இருந்தது.

எண்பதுகள் முடிகிற நேரம் ஒருநாள் ஆசியா உம்மாவின் இளையவள் நிஹாரா கந்தோருக்கு வந்தாள். கலியாணம் ஆகவில்லை. வீட்டில் தையல் வகுப்பு நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தன் உழைப்பில் அந்தத் துண்டுக் காணியில் குசினியோடு சேர்த்து ஒரு அறை எடுப்பதற்கு வரைபடம் கொண்டுவந்திருந்தாள். நான் கதிரை போட்டு இருக்கச் சொன்னேன். வரைபடத்தைப் பார்ப்பதுபோல நேரத்தைக் கடத்தினேன். உண்மையில் எனக்கு அவளிடம் ஒன்று தேவைப்பட்டது. நீங்கள் செய்தது சரிதான் என்று அவள் வாயால் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று இருந்தது.

“மகள், அந்த மாடி வந்திரிந்தா நல்லா இரிந்திருக்கும் எண்டு நினைக்கிறீங்களா?”

அத்தனை நடந்ததில் அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

“மாடி எனக்கு என்னத்துக்கு சேர்?” என்றாள். “நிந்தவூர்ல இரிந்து அவரு அப்பவே சொல்லி அனுப்பியிருந்தாரு. குசினியோட ஒரு அறை எடுத்தாக் காணும், மறுகா ரெண்டு பேரும் உழைச்சிக் கட்டுவம் எண்டு. அவர்ர தங்கச்சி என்னோடதான் தையல் படிச்ச.”

நான் வரைபடத்தை மேசையில் வைத்தேன். “உம்மாக்கிட்டச் சொல்லல்லியா?”

“மாப்பிள சொல்லி அனுப்பினாரு எண்டு ஒரு குமருப் புள்ள எப்பிடி வாயத் திறக்கிற? ஆராவது கேட்டிரிந்தாச் சொல்லிரிப்பன்.” மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நீங்க நிந்தவூருக்குப் போன அண்டைக்கு அவரு சந்தி வரைக்கும் வந்தாராம். நீங்க ஏதும் கேப்பீங்க எண்டு பாத்தாராம்.”

கோபமாகச் சொல்லவில்லை. வரைபடத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“இதுக்கு அனுமதி எப்ப சேர் கிடைக்கும்?”